தரவையில் ஓடிய மஞ்சள் பைக்

வாடகை வான் ஓட்டுகிறவனுக்குச் சனி, ஞாயிறு கிடையாது. மற்றவர்களின் லீவைச் சுமந்துகொண்டு போவதுதான் அவனுடைய லீவு. ஸ்டியரிங் பிடித்துப் பிழைக்கிற உங்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. அந்த வார இறுதியில் எனக்கு வாய்த்தது, ஏறாவூருக்கு அப்பால் வாவியோரத் தரவை வெளியில் நடந்த மோட்டார் சைக்கிள் பந்தயம்.

செட்டிபாளையத்தில் ஏறியவர்

சனிக்கிழமை காலை பெரியகல்லாற்றில் இளைஞர்களை ஏற்றினேன். பாட்டுச் சத்தத்தில் வான் அதிர்ந்தது. செட்டிபாளையத்தில் சிவலிங்கம் அண்ணன் கைகாட்டி ஏறினார். அறுபதை நெருங்கும் வெள்ளாமைக்காரர். அவர் உட்கார்ந்ததும் பின்னால் யாரோ பாட்டை நிறுத்திவிட்டார்கள்.

பெற்றோல் அடிக்க நிறுத்திய இடத்தில்தான் துஷி என்கிற பொடியன் விஷயத்தைச் சொன்னான். அண்ணனின் ஒரே மகன் சுகந்தன் போன மாரிகாலத்தில் டெங்குக் காய்ச்சலில் செத்துப்போனான். அவனுடைய பைக்கை வாங்கிய ஏறாவூர்ப் பிள்ளை ஒருவன் இந்தப் பந்தயத்தில் ஓடுகிறான். நான் திரும்பி வந்து, ஒன்றும் தெரியாதவன்போல, றேஸ் பார்க்கிற பழக்கம் உண்டா என்று கேட்டேன்.

"இல்ல தம்பி. ஒரு பைக்க மட்டும் பாக்கணும்."

கயிற்றுக்கு இந்தப் பக்கம்

தரவையில் நிழலுக்கு ஒரு மரமில்லை. கயிறு கட்டி எங்களை நிறுத்தியிருந்தார்கள். அன்று பயிற்சி ஓட்டம் மட்டும்தான். ஒவ்வொரு பைக்கும் கடக்கும்போது தூசு வந்து பல்லிடுக்கில் நறநறத்தது. இதற்கா இவ்வளவு சனம் என்று எனக்கு அலுத்துவிட்டது.

அண்ணன் பாதையைப் பார்க்கவில்லை; தலை குனிந்து, பைக்குகளின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று நிமிர்ந்தார். மஞ்சள் பெற்றோல் டாங்கியுடன் ஒரு பைக் வளைவில் கிறுகி வந்தது. சைலன்சரை மகன்தான் மாற்றினானாம். அந்தச் சத்தத்துக்காக அவனை நாளும் ஏசியிருக்கிறார்.

"றேசுக்குப் போறனெண்டு கேட்டான். விழுந்து செத்திருவாயெண்டு மறிச்சன். அதுக்கு மறுகா அவன் கேக்கவேயில்ல."

வளைவு

ஞாயிற்றுக்கிழமையும் அண்ணன் வந்தார். அன்றுதான் பந்தயம். மஞ்சள் பைக் முன்னால் வந்துகொண்டிருந்தது. எங்களுக்கு நேரே வளைவில் பின்சில்லு மண்ணில் வழுக்கியது. பைக் ஒரு பக்கம், ஓட்டிய பிள்ளை ஒரு பக்கம். அடுத்து வந்தவர்கள் மயிரிழையில் விலகிப் போனார்கள்.

தடுக்க வந்தவர்களைத் தள்ளிக்கொண்டு அண்ணன் கயிற்றுக்குள் புகுந்தார். நானும் பின்னால் ஓடினேன். மகனின் பைக்கைத்தான் தூக்கப்போகிறார் என்று நினைத்தேன். அது பெற்றோல் ஒழுகிக் கிடந்தது. அவர் அதைத் தாண்டிப்போய் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார். ஹெல்மெட்டைக் கழற்றப்போன ஒருவனை, "கழுத்த ஆட்டாத" என்று தடுத்தார். ரிஸ்வான் என்று பெயர் சொன்னான் பிள்ளை. கண் திறந்திருந்தது. வலது கால் மட்டும் போகக்கூடாத பக்கம் போயிருந்தது.

"வாப்பாக்குச் சொல்லிராதீங்க ஐயா. ஓட வேணாமெண்டவர்."

ஆஸ்பத்திரி வராந்தா

அண்ணன் அவனிடமே நம்பரைக் கேட்டு வாப்பாவுக்குச் சொன்னார். அம்புலன்சில் அவனுடன் அவரே ஏறிப் போனார். பொடியன்களை ஏற்றிக்கொண்டு நான் பின்னால் போனேன். காலில் இரும்பு வைக்க வேண்டுமாம். பழையபடி நடப்பான் என்று யாரும் சொல்லவில்லை.

வாப்பா வந்தார். முதலில் அழுதார்; பிறகு ஏசத் தொடங்கினார். வராந்தா முழுக்கக் கேட்டது. உனக்குப் பதில் நாய் வளர்த்திருக்கலாம் என்றார், பைக்கை வாவியில் தள்ளுவேன் என்றார். பொடியன்கள் வானில் தூங்கிவிட்டார்கள். அண்ணன் வாட்டுக் கதவுக்கு வெளியே, சுவரில் தலை சாய்த்து நின்றார். கன்னத்தில் தூசும் கண்ணீரும் சேறாகிக் கிடந்தன. போவோமா என்று மெதுவாகக் கேட்டேன்.

"கொஞ்சம் பொறு தம்பி. அவர் ஏசி முடியட்டும்."

இரண்டு நாள் வெயிலில் நின்று பந்தயம் பார்த்த என்னிடம் யார் வென்றது என்று கேட்காதீர்கள், சத்தியமாகத் தெரியாது.