ஹப்பு வழியாகப் போன பேச்சு

போன வாரம் எங்கள் பள்ளி அலுவலகத்துக்குப் புது இணைய இணைப்புக் கொடுக்க வந்தவர், பரணிலிருந்து ஒரு பழைய பெட்டியை இறக்கி என் மேசைமேல் வைத்தார். "இது ஹப்புங்க மேடம். இப்பல்லாம் யாரும் வெச்சிக்கிறதில்ல. தூக்கிப் போட்டுடலாங்களா?" என்றார். அதிலிருந்து உதிர்ந்த தூசி மூக்கில் ஏறியது. தூசி என்றாலே எனக்கு விருத்தாசலம்தான்.

பீங்கான் தொழிற்பேட்டைக்குப் போகிற சாலையில், ஒரு மாடியில் இருந்த பிரௌசிங் சென்டரில் எனக்கு முதல் வேலை. களிமண் லாரி ஒன்று போனால் போதும், எல்லா மானிட்டரும் வெள்ளை பூசிக்கொள்ளும். துடைப்பது நான். கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்தவள் துணியும் கையுமாக நிற்பதா என்று அப்போது வெட்கமாக இருக்கும். அந்த டிப்ளமோவின் லட்சணமும் அவ்வளவுதான். எல்லா சிஸ்டத்தின் வயரும் வந்து சேர்கிற, கல்லாவுக்கு மேலே ஆணியில் தொங்கிய ஹப்பில் பச்சை விளக்குகள் எல்லாம் சேர்ந்தே மினுங்கும். அழகாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, ஏன் சேர்ந்து மினுங்குகின்றன என்று கேட்டதில்லை.

மங்கலம்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருவார் நூர்ஜஹான் அக்கா. கணவர் ரியாத்தில் டிரைவர். வீட்டில் போன் உண்டு. ஆனால் அது கூடத்தில், மாமியார் நாத்தனாருக்கு நடுவில் இருந்தது. "அங்க பேசுனா வூடே கேக்கும்மா. இங்க எழுதுனா அவரு மட்டும் படிப்பாரு" என்பார். மெசஞ்சரில் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்க நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஒருநாள் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "கட்டின்னு எப்படி அடிக்கிறது?" என்று மெதுவாகக் கேட்டார். அடித்துக் காட்டினேன். மார்பில் ஒரு கட்டி, வலி இல்லை, யாரிடமும் சொல்லவில்லை என்று கணவருக்கு எழுதினார். லீவு போட்டு வருகிறேன், புதுச்சேரிக்குக் கூட்டிப்போய்க் காட்டுகிறேன் என்று அவர் பதில் எழுதினார். கிளம்பும்போது அக்கா, "யாருகிட்டயும் சொல்லிடாதம்மா" என்றார்.

நான் சொல்லவில்லை. அடுத்த முறை அக்கா வழக்கமான மூலையில் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தபோது, பிரிண்டருக்குப் பேப்பர் வைக்க எழுந்து போனேன். அவருடைய தெருக்காரன் ஒருவன் ஜன்னலோர சிஸ்டத்தில் இருந்தான். சென்னையில் ஹார்டுவேர் படித்தவன். அவன் பின்னால் இரண்டு பேர் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவன் திரையில் அக்காவின் வரிகள் ஓடிக்கொண்டிருந்தன.

ஓனர் செல்வம் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் பார்த்தார். கேபிளைப் பிடுங்கிவிட்டு, அவன் சட்டையைப் பிடித்துப் படியில் இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இது ஹப்பும்மா. ஒரு சிஸ்டத்துக்கு வர்றத எல்லாத்துக்கும் அனுப்பும். தனக்கு இல்லன்னா சிஸ்டம் தானா தள்ளிடும். தள்ளாம எடுத்துக் காட்டுற சாஃப்ட்வேரு ஒண்ணு போட்டு வெச்சிருக்கான்."

"இதுக்கு வழியே இல்லீங்களாண்ணா?"

"சுவிட்ச்சு வாங்கியிருக்கணும். எந்த வயர்ல எந்த சிஸ்டம் இருக்குதுன்னு அது கத்துக்கும். அவங்களுது அவங்களுக்கு மட்டும் போவும். வெல அதிகம்னு வுட்டுட்டேன்."

ஜன்னலோர சிஸ்டத்தில் அக்காவும் கணவரும் பேசியது மொத்தமும் சேர்த்து வைக்கப்பட்டிருந்தது. அண்ணன் சொல்ல, ஒன்று விடாமல் நான் அழித்தேன். மறுநாளே கடலூர் போய் சுவிட்ச் வாங்கி வந்து மாட்டினார். அதன் விளக்குகள் தனித்தனியாக மினுங்கின.

அக்கா பிறகு வரவில்லை. அந்தத் தெருவிலிருந்து வரும் இன்னொரு பெண்தான் சொன்னாள். கடைக்குப் போனால் முதுகுக்குப் பின்னால் கட்டியைப் பற்றிப் பேசிச் சிரித்தார்களாம். மாமியார் காதுக்குப் போனதும் வெளியே அனுப்புவதையே நிறுத்திவிட்டார்களாம். அதெல்லாம் பொய், எனக்கு ஒன்றுமே இல்லை என்று அக்காவே எல்லோரிடமும் சொல்ல ஆரம்பித்தாராம். கூடத்தில் நின்று போனில் கணவரிடமும் அதையே சொல்லியிருக்கிறார். அவர் லீவை ரத்து செய்துவிட்டார். கட்டி புண்ணாகி, மறைக்க முடியாமல் போன பிறகு புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். முற்றிவிட்டது என்று டாக்டர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தத் தெருக்காரன்மேல் யாரும் புகார் கொடுக்கவில்லை. கொடுத்தால் என்னவென்று எழுதிக் கொடுப்பது?

அக்காவின் அடக்கம் முடிந்து சில வாரம் கழித்து அவர் கணவர் படியேறி வந்தார். "அவ எங்கம்மா உக்காருவா?" என்றார். மூலையைக் காட்டினேன். போய் உட்கார்ந்தார்.

"நாங்க பேசுனதெல்லாம் இதுல இருக்குமாம்மா? அங்க நானும் ஒரு சென்டர்லதான் உக்காந்து பேசுனேன். ஒண்ணும் எடுத்து வெக்கல."

அந்தப் பேச்சை எடுத்து வைத்திருந்தது உலகத்தில் ஒரே ஒருவன். அதைத்தான் நான் அழித்திருந்தேன்.

"இருக்காதுங்கண்ணா" என்றேன்.

அவர் எழுந்தார். உட்கார்ந்ததற்கு எவ்வளவு என்று கேட்டார். செல்வம் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்தக் கட்டடத்தை இடித்து இப்போது பேக்கரி கட்டியிருக்கிறார்கள். அவர்கள் பேசிய அந்த மெசஞ்சரை நடத்தியவர்களே மூடிவிட்டார்கள். அவர் இன்று வந்து கேட்டால், அக்கா உட்கார்ந்த இடம் இதுதான் என்று காட்டக்கூட ஒன்றுமில்லை.