பெயர் தெரியல

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. சிராங்கூன் ரோட்டில் ஒரு ஸ்டேஷனரி கடையில் பல வருடம் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். அங்கேயும் மீதிச் சில்லறையைக் கொடுத்து, "பை வேணுமா?" என்று கேட்டால் அன்றைய பேச்சு முடிந்துவிடும். அந்தக் கடையை மூடியபோது, ஐம்பதைத் தாண்டிய, உயர்நிலைப் பள்ளியோடு படிப்பை நிறுத்திய எனக்கு இனி யார் வேலை தருவார்கள் என்று கவலைப்பட்டேன். ஓர் அரசாங்க அலுவலகத்தில் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் வேண்டும் என்று விளம்பரம் வந்தது. நேர்காணலில், "போன்ல யாருகூடவும் பேச வேணாம் அக்கா, கேட்டா போதும்" என்று சொன்னார்கள். கேட்டால் போதும் என்றதால்தான் துணிந்து சேர்ந்தேன்.

வயதானவர்கள் உதவி கேட்டுக் கூப்பிடும் ஒரு தொலைபேசிச் சேவைக்கான வேலை அது. தமிழில் பேசுகிறவர்கள் காத்திருக்க வேண்டியதில்லாமல், அவர்கள் சொல்வதை இயந்திரமே கேட்டு எழுதி உரிய அதிகாரிக்கு அனுப்ப வேண்டும் என்பது திட்டம். அதற்கு, பேச்சுக்குப் பேச்சு 'லா' போடும் எங்கள் ஊர்த் தமிழை இயந்திரத்துக்குப் பழக்க வேண்டியிருந்தது. பதிவான பேச்சுகளைச் சின்னத் துண்டுகளாக வெட்டி எங்களுக்குத் தருவார்கள். இயந்திரம் எழுதியதையும் பேச்சையும் ஒப்பிட்டு, பிழை இருந்தால் நான் திருத்த வேண்டும்.

இயந்திரம் பார்க்கும் இன்னொரு வேலை, ஆளை அடையாளம் காட்டும் பெயர், விலாசம், அடையாள அட்டை எண் எல்லாவற்றையும் மறைப்பது. பெயர் வரும் இடத்தில் 'பெயர்' என்ற சொல்லைப் போட்டுவிடும். ஆங்கிலத்தில் அது நன்றாகவே நடந்ததாம். தமிழில்தான் தடுமாறியது. நாம் சாதாரணச் சொல்லையெல்லாம் பிள்ளைக்குப் பெயராக வைத்துவிடுகிறோம் அல்லவா. "பத்து மணிக்கு வாங்க" என்று ஒருவர் சொன்னால் அது "பத்து பெயருக்கு வாங்க" ஆகிவிடும். "அன்பா பேசுங்க லா" என்று ஒரு தாத்தா சலித்துக்கொண்டது, "பெயரா பேசுங்க லா" என்று வந்தது. அன்றைக்கு நானும் எங்கள் மேற்பார்வையாளரும் வெகுநேரம் சிரித்தோம். அவர் என்னைவிட மிகவும் இளையவர், இங்கேயே படித்து வளர்ந்த தமிழ்ப்பெண். "அக்கா, இதுக்குத் தமிழ் டீச்சர் போடணும் போல" என்றார்.

உறவுச் சொற்களை மட்டும் மறைக்க வேண்டாம் என்று எங்களுக்கு விதி. அம்மா, மாமா, தங்கச்சி என்பதை வைத்து யாரையும் கண்டுபிடிக்க முடியாது. தங்கச்சி யாருக்கு வேண்டுமானாலும் இருக்கலாம்.

இன்னொரு விதியும் இருந்தது. முதல் நாளே கையெழுத்து வாங்கினார்கள். தெரிந்த குரல் வந்தால் அந்தக் கணமே நிறுத்திவிட்டு மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டும். கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. எனக்குத் தெரிந்தவர்களே கொஞ்சம். அவர்களில் யார் அங்கே கூப்பிடப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு உடன்பிறந்தவள் ஒரே அக்கா. கணவர் இறந்த பிறகு கிளமெண்டியில் தனியாக இருந்தாள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஃபேரர் பார்க் பக்கம் ஓரறை வீட்டில் இருக்கிறேன். சாயங்காலமானால் அக்கா போன் செய்வாள். அவள் பேசுவாள், நான் கேட்பேன். மார்க்கெட்டில் மீன் விலை, கீழ் மாடியில் யாரோ பிடில் வாசித்து உயிரை எடுப்பது, லிப்டில் நாய்க்கு வண்டி வைத்துத் தள்ளும் பெண். கடைசியில், "சரி, பாத்துப் போ" என்பாள். சின்ன வயதில் என்னைப் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டுச் சொன்ன வார்த்தை, நின்றபாடில்லை.

"நான் வீட்டுலதான இருக்கேன்?" என்பேன்.

"கிச்சனுக்குப் போவியில்ல? பாத்துப் போ."

அந்த வருடம் அவள் என் வீட்டுப் பக்கமிருக்கும் தேக்கா மார்க்கெட்டுக்கு வருவதை நிறுத்தியிருந்தாள். முட்டி வலி என்றாள். நானும் நம்பினேன்.

ஒரு நாள் மதியம், சாப்பிட்டு வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு அடுத்த துண்டைத் திறந்தேன். திரையில் முதல் வரி இப்படி இருந்தது: "பெயர் தெரியல லா, எனக்கு."

பெயர் தெரியாமல் யார் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தபடி ஒலியைப் போட்டேன்.

"கண்ணு தெரியல லா, எனக்கு."

அக்காவின் குரல். கண்ணு என்பதும் ஒரு பெயர்தானே, இயந்திரம் அதைப் பெயராக எடுத்துக்கொண்டிருந்தது. என் கை திருத்துவதற்குப் போனது. திருத்திய பிறகுதான் யார் பேசுகிறார்கள் என்பது மனதில் இறங்கியது என்று சொல்ல விரும்புகிறேன். அப்படி இல்லை. முதல் சொல்லிலேயே எனக்குத் தெரியும். நிறுத்தவில்லை.

"கண்ணுல பிரஷர்னு சொன்னாங்க. போனது திரும்பி வராதாம். மருந்து ஊத்திக்கிறேன். பக்கத்து வீட்டம்மாதான் ஹாஸ்பிட்டலுக்குக் கூட்டிட்டுப் போறாங்க, எத்தனை தடவ அவங்களத் தொந்தரவு பண்றது? வீட்டுக்கு யாராச்சும் வந்து உதவி பண்ணுவாங்களா? எங்க ஆளுங்க யாருக்கும் சொல்லல. தங்கச்சி ஒருத்தி இருக்கா. சொன்னா அவ தூங்க மாட்டா."

துண்டு அங்கே முடிந்தது. போனை எடுத்த அதிகாரி என்ன பதில் சொன்னார் என்பது வேறு துண்டில், வேறு யாரிடமோ போயிருக்கும். தங்கச்சி என்ற சொல்லை இயந்திரம் சரியாகவே மறைக்காமல் விட்டிருந்தது. நானும் விட்டேன். சேமித்து அனுப்பிவிட்டேன்.

மேற்பார்வையாளர் இரண்டு மேசை தள்ளித்தான் இருந்தார். எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் மீதியைக் கேட்டீர்களா என்று கேட்பார். அடுத்த துண்டைத் திறந்துகொண்டேன். அன்று சாயங்காலம் அக்கா போன் செய்து, ஏதோ ஒரு தொலைக்காட்சித் தொடரில் மாமியாருக்கு நல்ல பாடம் கிடைத்ததைச் சொல்லிச் சிரித்தாள். அவள் அதைப் பார்க்கவில்லை, கேட்டிருக்கிறாள் என்று இப்போது எனக்குத் தெரிந்தது. "ம்" கொட்டிக்கொண்டிருந்தேன்.

"என்ன, சத்தமே காணோம்?"

"எப்பவும் இப்படித்தான?"

"அதுவும் சரி. பாத்துப் போ."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளமெண்டிக்குப் போனேன். அவளே வாயைத் திறந்து சொல்லிவிடுவாள் என்று ஒரு ஆசை. அவள் வீட்டில் எல்லாப் பொருள்களும் அதனதன் இடத்தில் இருந்தன, முன்பு ஒருபோதும் இல்லாத ஒழுங்கு. டீ ஊற்றும்போது கோப்பையின் விளிம்புக்குள் விரலை வைத்துக்கொண்டாள். சூடு விரலில் பட்டதும் நிறுத்தினாள். கையிலிருந்த கோப்பையை நான் வாங்குவதற்கு முன், காற்றில் ஒரு கணம் பிடித்தபடி காத்திருந்தாள்.

அதைப் பார்த்ததும் என்னால் தாங்க முடியவில்லை. அவளிடமிருந்து கேட்டது எது, ஹெட்போனில் கேட்டது எது என்ற வேலி அந்த நேரத்தில் என் தலையில் இல்லை.

"மருந்து நேரத்துக்கு ஊத்திக்கிறியா?" என்றேன்.

அக்கா அசையவில்லை. "எந்த மருந்து?"

நான் டீயை உறிஞ்சினேன்.

"எந்த மருந்துன்னு கேக்குறேன். யாரு சொன்னா உனக்கு? பக்கத்து வீட்டுக்காரிதான?"

இல்லை என்று சொன்னால், வேறு யார் என்பாள். வேறு யார் என்று சொல்ல எனக்கு அனுமதி இல்லை. வாய் மூடியிருந்தேன். என் மௌனத்தை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். எப்போதுமே என் மௌனத்துக்கு அர்த்தம் சொல்கிறவள் அவள்தான்.

"கையப் புடிச்சுச் சொல்லியிருந்தேன், யாருக்கும் தெரியக் கூடாதுன்னு," என்றாள். டீயை அவள் குடிக்கவேயில்லை.

அந்தப் பக்கத்து வீட்டம்மா எங்கள் இருவரையும்விட மூத்தவர். அக்காவுக்கு வரும் கடிதங்களைப் படித்துக் காட்டியவர், மருத்துவமனைக்குக் கூட்டிப் போனவர். அவருக்கு அக்கா கதவைத் திறப்பதை நிறுத்திவிட்டாள். சில நாள் கழித்து அவர் எனக்குப் போன் செய்தார்.

"உங்கக்கா எம்மேல என்னம்மா கோவம்? கதவத் தட்டுனா உள்ள இருந்தே 'வேணாம், வேணாம்'ங்குறாங்க. நேத்து ஹாஸ்பிட்டல் போற நாளு. தனியா கெளம்பிப் போயி, பஸ் நம்பர் தெரியாம ஸ்டாப்புலயே நின்னுட்டுத் திரும்பி வந்துட்டாங்க. நீயாவது கேட்டுச் சொல்லும்மா. நான் யாருகிட்டயும் ஒன்னும் சொல்லல."

"தெரியும்மா," என்றேன்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் மேற்பார்வையாளரின் மேசைக்குப் போனேன். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனது அங்கே உதவவில்லை; அழுதுவிட்டேன். அவர் என்னைச் சின்ன அறைக்குள் அழைத்துப்போய், முழுவதையும் கேட்டார்.

"அப்பவே சொல்லியிருக்கணும் அக்கா."

"தெரியும்."

"நான் திட்டல. சொல்லியிருந்தா அந்தப் பாரத்த நீங்க தனியாச் சுமந்திருக்க வேணாம், அதுக்குச் சொல்றேன். எங்க தப்பும் இருக்கு. சின்ன ஊரு இது, நம்ம ஆளுங்க ஒருத்தர ஒருத்தர் தெரியாம இருப்பாங்களா? பெயர மறைச்சா போதும்னு நெனச்சோம். குரல விட்டுட்டோம்."

"நானே அக்காகிட்ட சொல்லிடவா?"

"இல்ல. அவங்க நம்பிப் பேசுனது எங்ககிட்ட. அத யாரு கேட்டாங்கன்னு அவங்களுக்குத் தெரிய உரிமை இருக்கு. ஆனா நாங்கதான் சொல்லணும்."

அவர்கள் சொன்னார்கள். ஒரு மூத்த அதிகாரி அக்காவைக் கூப்பிட்டு, பதிவுகளைத் திருத்தும் ஊழியர் ஒருவர் அவள் குரலை அடையாளம் கண்டுகொண்டார், அது அவள் தங்கை என்று சொல்லி, மன்னிப்புக் கேட்டாராம். பதிவை அழித்துவிட வேண்டுமா என்று கேட்டாராம். அழித்துவிடுங்கள் என்று அக்கா சொன்னாளாம். அவள் கேட்டிருந்த உதவியும் அந்த வாரமே ஏற்பாடானது. எல்லாம் முறையாகவே நடந்தது. யார் மேலும் எனக்குக் குறை இல்லை.

அன்று சாயங்காலம் அக்கா போன் செய்தாள்.

"நீயா?"

"ம்."

"பேசும்போது, பதிவு பண்றோம், சேவையச் சரி பண்றதுக்குன்னு என்னமோ சொன்னாங்க. சரின்னுட்டேன். மிஷின்தான் கேக்கும்னு நெனச்சேன்."

"அக்கா—"

"நான் கவர்மெண்டுக்குச் சொன்னேன். உனக்குச் சொல்லல."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள் என்றுதான் நினைக்கிறேன். டிவி சத்தம் கேட்டது.

"அந்தம்மாவ வேற வெளியவே நிக்க வச்சுட்டேன்," என்றாள். போனை வைத்துவிட்டாள். 'பாத்துப் போ' வரவில்லை.

அதற்குப் பிறகு அவள் சாயங்காலங்களில் கூப்பிடுவதில்லை. நான் கூப்பிட்டால் எடுப்பாள். சாப்பிட்டியா, சாப்பிட்டேன். உதவிக்கு ஆள் வராங்களா, வராங்க. அவள் பேசி நான் கேட்டே பழகிய வீடு எங்களுடையது. அவள் நிறுத்திய பிறகு அந்த இடத்தை நிரப்ப என்னிடம் பேச்சு இல்லை.

அலுவலகத்தில் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. விதியை மாற்றினார்கள், இப்போது குரலையும் மாற்றித்தான் எங்களுக்குத் தருகிறார்கள். ஆண் குரலும் பெண் குரலும் ஒன்றுபோல, தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல வருகின்றன. நல்ல ஏற்பாடு. ஆனால் அக்காவின் துண்டு அழிந்தபோது, அதில் நான் செய்த திருத்தமும் சேர்ந்து போனது. சில வாரம் கழித்து வேறு யாரோ ஒருவரின் பேச்சில் மறுபடியும் அந்த வரி வந்தது: "பெயர் தெரியல." ஒலியைப் போட்டேன். தகரக் குரல், "கண்ணு தெரியல" என்றது. திருத்தினேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம், காய் வாங்கத் தேக்காவுக்குப் போயிருந்தேன். வாழைக்காய் அடுக்கியிருந்த கடையில் அக்கா நின்றிருந்தாள். பக்கத்தில் அந்தப் பக்கத்து வீட்டம்மா. அவர் முழங்கையை அக்கா பிடித்திருந்தாள். மறு கையால் கத்திரிக்காய்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து எடுத்துக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். தலைமுடிக்குச் சாயம் பூசுவதை விட்டிருந்தாள். கை நீட்டினால் தொடும் தூரத்தில் நான் நின்றேன். அவள் முகம் என் பக்கம் திரும்பியது, என்னைத் தாண்டிப் போனது.

பக்கத்து வீட்டம்மா என்னைப் பார்த்துவிட்டார். என்னையே பார்த்தார். நான் அப்படியே நின்று அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளை ஆசை தீரப் பார்க்க அதுதான் நேரம் என்று தோன்றியது. பிறகுதான் உறைத்தது. அவளுக்குத் தெரியாமல் மறுபடியும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

"அக்கா, நான்தான்," என்றேன்.

அவள் கை கத்திரிக்காய் மேல் நின்றது.

"எவ்வளவு நேரமா நிக்குற?"

இப்போதுதான் வந்தேன் என்று சொல்லலாம். அந்தம்மாகூடக் காட்டிக்கொடுக்க மாட்டார்.

"கொஞ்ச நேரமா," என்றேன்.

"கொஞ்ச நேரமா," என்று அவளும் மெல்லச் சொன்னாள். காய்களைக் கடைக்காரரிடம் கொடுத்து எடை போடச் சொன்னாள்.

பஸ் நிறுத்தம் வரை கூடப் போனேன். அவர்கள் இருவரும் முன்னால், நான் பின்னால், காய்ப் பையை மட்டும் வாங்கிக்கொண்டு. தெருவெல்லாம் பண்டிகை விளக்குகள். பக்கத்து வீட்டம்மா, "இந்த வருஷம் மயில் போட்டிருக்காங்க, பச்சையும் நீலமுமா" என்று அக்காவுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். அக்கா, "போன வருஷமும் மயிலுதான?" என்றாள். நிறுத்தத்தில் நான் அவள் இடது பக்கம் நின்று பையைக் கொடுத்தேன். கூட்டம் நெருக்கியதால் வலது பக்கம் நகர்ந்தேன். பஸ் வந்தது. அந்தம்மா அவளைக் கையைப் பிடித்து ஏற்றினார்.

படியில் நின்று அக்கா திரும்பினாள்.

"பாத்துப் போ," என்றாள், நான் முதலில் நின்றிருந்த பக்கம் பார்த்து. அங்கே நான் இல்லை. நான் பதில் சொல்வதற்குள் கதவு மூடிக்கொண்டது.