வெலிக்கந்தை தாண்டிக் கேட்ட சத்தம்

வேனின் பின்சீற்றுக்குக் கீழே விரிப்பைச் சுருட்டிவிட்டு, இரும்புத் தட்டில் காதை வைத்துப் படுத்திருந்தேன். முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அத்தான் கத்தினார்: "இப்ப எப்பிடி மச்சாள்? கூடுதா, குறையுதா?"

அத்தான் என் அக்காவின் கணவர்; மட்டக்களப்பில் வாடகைக்கு வேன் ஓட்டியவர். சண்டை முடிந்து அதிக நாட்கள் ஆகவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் ஆயுதக்காரர்கள் பிடித்து வன்னிக்குக் கொண்டுபோன அவருடைய ஒரே மகன், வவுனியாவில் ஒரு முகாமில் உயிரோடு இருப்பதாகத் தகவல் வந்திருந்தது. அன்று பின்னேரத்துக்குள் போனால் கம்பிவேலிக்கு வெளியே நின்று அவனைப் பார்க்கலாம் என்று அனுமதியும் கிடைத்திருந்தது.

எங்கள் பக்கத்து வீதிகளில் குழியும் சோதனைச்சாவடியும் மாறிமாறி வரும். அந்த வேன் வருடக்கணக்காக வேகம் பிடித்ததேயில்லை. வெலிக்கந்தை தாண்டியதும் வீதி நேராக, வழுவழுப்பாகக் கிடந்தது. அத்தான் மிதித்தார். வேகம் கூடியதும் வண்டியின் அடியிலிருந்து ஓர் ஊளை எழுந்தது. கியரை நியூட்ரலில் போட்டார். எஞ்சின் அடங்கியது, ஊளை அடங்கவில்லை. இடமும் வலமுமாக வளைத்து ஓட்டினார், அப்போதும் மாறவில்லை. "சில்லுப் பெயாரிங்கும் இல்ல" என்றார். மறுபடி கியரில் போட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தபோது ஊளை தடித்து, எதையோ அரைப்பதுபோலக் கேட்டது. மிதித்தபோது மெலிந்தது. என் காதுக்கு நேர் கீழேதான் அது. நான் சொன்னதும் அத்தானின் முகம் கறுத்தது. "பின் டிஃபரன்சல்" என்றார். பின்சில்லுகளைச் சுழற்றும் பற்சக்கரப் பெட்டி அது.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று அக்காவோடு அந்த வேனும் போனது. அக்காவை அடக்கம் செய்த பிறகு, வாவிக்கரைக் கண்டல் மரங்களுக்குள் செருகிக் கிடந்த வேனை இழுத்து வந்து, ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றிக் கழுவினார். மகனை அதற்கு முன்பே பிடித்துப் போயிருந்தார்கள்; பேச ஆளில்லாத வீட்டில் அவருக்கு வேறு வேலை இருக்கவில்லை. டிஃபரன்சலை மட்டும் எண்ணெய் மாற்றியதோடு விட்டிருந்தார்.

வழியில் கதுறுவெலவில் ஒரு கராஜில் வேனை ஏற்றினோம். கராஜ்காரர் பெட்டியைத் திறந்து பெயாரிங்கை எடுத்துக் காட்டினார். உப்பு தின்ற இரும்பு, புழு அரித்த பலகைபோலப் பள்ளம் பள்ளமாக இருந்தது.

"இதோட வவுனியா போகேலுமா?" என்று அத்தான் கேட்டார்.

"போனாலும் போகும் அண்ணே. ஓடக்குள்ள இறுகினா பின்சில்லு ரெண்டும் பூட்டிரும். பொம்புளைய வெச்சிக்கிட்டுப் போறீங்க."

அத்தான் என்னைப் பார்த்தார். பிறகு "மாத்துங்க" என்றார்.

சின்ன வேலைதான் என்றார்கள். வாங்கிவந்த பெயாரிங் பொருந்தவில்லை. வேறொன்றுக்கு ஆள் போனது. பஸ்ஸில் போவோம் என்று நான் சொன்னபோதெல்லாம், "இப்ப முடிஞ்சிரும் மச்சாள்" என்றார். வேலை முடிந்து வேன் இறங்கியபோது இருட்டிவிட்டது.

மறுநாள் காலை முகாம் வாசலுக்குப் போனோம். வேலிக்குள் நின்ற ஒரு கிழவி, அத்தான் சொன்ன மகனின் பெயரைக் கேட்டதும் அழத் தொடங்கினாள். "நேற்றுப் பொழுதுபடேக்க பஸ்ஸில ஏத்திக்கொண்டு போட்டாங்கள். அப்பா வருவாரெண்டு மத்தியானத்தில இருந்து இந்த வேலியிலதான் நிண்டவன்." எங்கே கொண்டுபோனார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. வாசலில் நின்றவர்களோ அப்படி ஒரு பஸ்ஸே வரவில்லை என்றார்கள்.

அதன்பிறகு நாங்கள் ஏறாத தடுப்பு நிலையம் இல்லை. ஒன்றிலும் அவன் பெயர் இல்லை. பல வருடங்கள் கழித்து, காணாமல்போனவர்களைப் பற்றி விசாரிக்க வந்தவர்கள் முன்னால் அத்தானோடு நானும் போய் உட்கார்ந்தேன். அதிகாரி கேட்டார்: "அனுமதி தந்த நாளில நீங்கள் ஏன் போகேல்ல?"

அத்தான் சொல்லத் தொடங்கினார். நியூட்ரலில் போட்டதை, வளைத்து ஓட்டியதை, காலை எடுத்தபோது சத்தம் தடித்ததை, ஒன்றையும் விடாமல். கைகளால் பற்சக்கரத்தைச் சுழற்றிக் காட்டினார். "நான் கண்டுபிடிச்சது சரிதான் ஐயா. திறந்து பார்த்தா அதேதான்."

அதிகாரி தலையாட்டினார். வாசலில் நின்றவர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். தன் மகனின் படத்தோடு ஒரு பெண் உள்ளே வந்து, அத்தான் எழும்பட்டும் என்று கதிரைக்குப் பின்னால் காத்து நின்றாள்.