பெல்ட்டுக்கு முள்வேலி

அரிசி மில்லில் வேலை என்றால் நெல்லைக் கொட்டுவதும் தவிட்டைக் கூட்டுவதும்தான் என்று வெளியே நிற்பவர்கள் நினைக்கிறார்கள். எங்களுக்குப் பாதி வேலை, சாயங்காலம் உடம்பை முழுசாக வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எஞ்சின் சமாசாரத்தைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஆனால் பயத்தைப் பற்றி நான் சொல்வது தப்பாக இருக்காது. மில்லில் நெல் மூட்டையோடு காத்துக் கிடந்த பெண்களே, உங்களுக்குத் தெரியாததா?

குனிந்து போகிற வழி

சங்கரன்கோவிலில் எங்கள் மில்லில் எஞ்சின் ஓர் அறை, அரைக்கிற மிஷின் அடுத்த அறை. இரண்டுக்கும் நடுவே நெஞ்சு உயரத்தில் தோல் பெல்ட் ஓடும். தவிட்டுக் கூடையோடு அதன் அடியில் குனிந்துதான் நாங்கள் போய்வருவோம். முற்றத்தைச் சுற்றிப் போகலாம், ஆனால் நேரமாகும் என்று முதலாளி விடமாட்டார்.

ஒருநாள் என்னோடு வேலை பார்க்கும் செல்லம்மாளின் முந்தானையைப் பெல்ட் இழுத்தது. சீலை பாதியாகக் கிழிந்து போனது. அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எஞ்சினை நிறுத்திவிட்டு வந்த எஞ்சின்காரர் அவளைப் பார்த்துச் சொன்னார்: “பழஞ்சீலையா இருக்கப்போய்க் கிழிஞ்சுது, நீ பிழைச்சே. இனிமே புதுச்சீலை கட்டிட்டு வராதட்டி.”

உமிக்குள் இருந்த வேலி

பெல்ட்டுக்கு மரவேலி இல்லாமல் இல்லை. பெல்ட் வழுக்கினால், பிடிமானத்துக்காக ஓடும்போதே அதன் மேல் குங்கிலியப் பொடியை வீச வேண்டும். அதற்கு இடைஞ்சல் என்று வேலியை உமிக்குவியலுக்குள் போட்டிருந்தார்கள். ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் வருகிற அன்றுதான் அதை எடுத்து நிறுத்துவார்கள்.

அவர் வந்து, “இது எப்பவும் இங்கதான் இருக்குமா?” என்று கேட்டார். முதலாளி தலையாட்டினார். நான் கூடையை இறக்கி வைத்தேன். “வேலிச் சட்டத்தைத் தட்டிப் பாருங்கய்யா” என்றேன். தட்டினார். பொலபொலவென்று உமி கொட்டியது. வேலியை இனி எடுக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் ஏறிய பஸ் கிளம்புமுன் வேலி உமிக்குள் போய்விட்டது. முதலாளி என்னிடம் சொன்னது: “பெல்ட்டுல முதல்ல உன் வாயைத்தான் குடுக்கணும்.”

தன் அரிசி

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முந்தின வாரம் மில்லில் கால் வைக்க இடமிருக்காது. நெல் கொண்டுவந்த யாரும் வெளியே நிற்க மாட்டார்கள். தன் அரிசி மாறிவிடும் என்று மிஷின் வாயிலேயே கண்ணாக நிற்பார்கள். வாசுதேவநல்லூரிலிருந்து வந்த ஒருத்தி, இடுப்புப் பிள்ளையோடு பெல்ட்டுக்கு அடியில் நுழைந்தாள். பிள்ளை கையை நீட்டியது.

நான் அவள் கொண்டையைப் பிடித்து இழுத்துவிட்டேன். விழுந்து எழுந்தவள் மில்லே கேட்கக் கத்தினாள்: “என் அரிசியைக் களவாங்கத்தானே என்னை வெளிய தள்ளுத?”

முள்

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தச் சின்னக் கைதான் கண்ணில் நின்றது. மறுநாள் விடிந்ததும் குளத்தங்கரையில் உடைமரத்து முள் வெட்டி, கட்டாகத் தலையில் வைத்துக் கொண்டுவந்தேன். எஞ்சின் ஓடுமுன், பெல்ட்டுக்கு இரண்டு பக்கமும் கை எட்டாத தூரத்தில் அடுக்கிக் கல்லை ஏற்றினேன். குங்கிலியம் வீச எஞ்சின்காரருக்கு மட்டும் அவர் பக்கத்தில் இடம் விட்டேன்.

“இது மில்லா, கத்தரித் தோட்டமா? எடுட்டி!” என்றார் முதலாளி.

“எடுக்க மாட்டேன். வேலையை விட்டு நிறுத்தணும்னா நிறுத்துங்க. முள்ளை நீங்களே எடுங்க.”

அவரே குனிந்தார். வேட்டி மாட்டிக்கொண்டது, விரலில் ரத்தம். எஞ்சின்காரரைக் கூப்பிட்டார். அவர் பீடியைக் காதில் செருகிக்கொண்டு சொன்னார்: “நான் எஞ்சினுக்குத்தான் ஆளு முதலாளி, முள்ளுக்கு இல்ல.”

செல்லம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு முற்றத்தைச் சுற்றி நடந்தாள். மற்றவர்களும் அவள் பின்னால் போனார்கள். முள் காயக் காயப் புதுசு வெட்டிப் போட்டு வருகிறேன். அதில் சீலை கிழியாத பெண் இந்த வட்டாரத்தில் இல்லை, எல்லாரும் என்னை ஏசிக்கொண்டே முழுசாக வீடு போய்ச் சேருகிறார்கள்.