மணப்பாட்டுச் சரிவில் கிளட்ச் இல்லாத கார்

என் தம்பி உப்பு வியாபாரி. சுதந்திரம் வந்து ஓரிரு வருஷங்களில் கொழும்பிலிருந்து ஓர் அமெரிக்கக் காரை வாங்கினான். ஊரைக் காலி செய்துகொண்டு போன தோட்டத்துரை ஒருவருடைய கார். கொப்பரை மூட்டைகளுக்கு நடுவே தோணியில் வந்து தூத்துக்குடியில் இறங்கியது. ஸ்டீயரிங் இடது பக்கம் இருந்தது. கிளட்ச் கிடையாது. கியரை அதுவே மாற்றிக்கொள்ளும் என்று தம்பி சொன்னான். கேட்டவர்களிடமும் சொன்னான், கேட்காதவர்களிடமும் சொன்னான்.

அவனுடைய டிரைவர் யுத்த காலத்தில் ராணுவ லாரி ஓட்டியவர். தம்பியைவிட வயதில் மூத்தவர். அவருக்கு அந்தக் காரைப் பார்த்த உடனே பிடிக்கவில்லை.

"எடது காலுக்கு வேலையே இல்லையே மொதலாளி. சும்மா வச்சிக்கிட்டு நான் என்ன செய்ய?"

"மடக்கி வச்சிக்கிடும்" என்றான் தம்பி.

முதல் நாள் அந்தக் கால் பழக்கதோஷத்தில் கிளட்சைத் தேடிப் போய் பிரேக்கை மிதித்தது. தம்பியின் நெற்றி கண்ணாடியில் இடித்தது. அதற்குப் பிறகு டிரைவர் நிஜமாகவே இடது காலை மடக்கி, பந்தியில் உட்கார்ந்தவர் மாதிரி சீட்டின் மேல் வைத்துக்கொண்டு ஓட்டினார். பின் சீட்டில் இருந்து அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே வருவேன். நான் பள்ளிக்கூட ஆசிரியை. யாருடைய கை காலாவது சும்மா இருந்தால் எனக்கு நிம்மதி இருக்காது.

எங்கள் ஊர் டிரைவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஹேண்ட் பிரேக்கைத் தொடமாட்டார்கள். உப்புக் காற்றில் அதன் கம்பி துருப்பிடித்துவிடும். ஒருமுறை இழுத்தால் திரும்பி வராது. அதனால் வண்டியை முதல் கியரில் போட்டு எஞ்சினை நிறுத்துவார்கள். கியரே சக்கரத்தை உருளவிடாமல் பிடித்துக்கொள்ளும். பாட்டரியும் அந்தக் காற்றில் சீக்கிரம் செத்துப்போகும் என்பதால், எங்காவது சரிவு கிடைத்தால் வண்டியின் முகத்தைப் பள்ளத்தைப் பார்க்க வைத்து நிறுத்துவார்கள். கிளம்பும்போது உருட்டி ஸ்டார்ட் செய்துகொள்ளலாம். இதைத் தவறு என்று யாரும் நினைத்ததில்லை. கியர் வண்டியில் தவறும் இல்லை.

ஒரு சனிக்கிழமை தம்பி காரைக் காட்டுவதற்காக மணப்பாட்டுச் சிநேகிதர் ஒருவர் வீட்டுக்குப் போனான். என்னையும் என் ஒன்பது வயது மகளையும் கூட்டிப்போனான். சிநேகிதர் வள்ளங்கள் வைத்திருந்தவர். அவருடைய வீடு கோயிலுக்கு ஏறும் மணல் மேட்டின் பாதியில் இருந்தது. டிரைவர் காரைத் திருப்பி, கடலைப் பார்க்க நிறுத்தினார். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருந்த கியர் கைப்பிடியை, முதல் கியர் என்ற கணக்கில், 'லோ' என்ற இடத்துக்குத் தள்ளினார். எஞ்சினை நிறுத்திவிட்டுக் காப்பி குடிக்க வந்தார்.

மகள் பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். வழியில் இரண்டு தடவை வாந்தி எடுத்திருந்தாள். எழுப்பப் போனேன்.

"தூங்கட்டும்க்கா. எழுப்பினா மறுபடியும் எடுப்பா" என்றான் தம்பி.

காரைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. தொட்டுப் பார்த்தார்கள், சாய்ந்து பார்த்தார்கள். தம்பி வீட்டு வாசல்படியில் நின்று விளக்கம் சொன்னான். "இதுக்கு கிளட்சு கெடையாது. நாம ஒண்ணும் செய்ய வேண்டாம். தானாவே எல்லாம் பாத்துக்கிடும்."

"ஆளாவது வேணுமா அண்ணாச்சி, அதுவும் வேண்டாமா?" என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

அப்போது கார் நகர்ந்தது.

சத்தமே இல்லை. யாரும் கத்தவும் இல்லை. தம்பி சொன்னதை அவர்கள் நம்பியிருந்தார்கள். சாய்ந்திருந்தவர்கள் மரியாதையாக விலகி வழிவிட்டார்கள். "போவுது பாரும்" என்று ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார். தம்பியின் முகத்தில்கூட ஒரு கணம், சொன்ன சொல் பலித்தவனின் திருப்தி இருந்தது. டிரைவர்தான் முதலில் டம்ளரைக் கீழே போட்டார்.

காரின் பின் கண்ணாடியில் என் மகளின் தலை எழுந்தது.

நான் ஓடினேன். மணலில் செருப்பு புதைந்தது, விட்டுவிட்டு ஓடினேன். கார் முதலில் மாட்டுவண்டி வேகத்தில் போனது. பிறகு அப்படிப் போகவில்லை. பாதையை விட்டு இறங்கி, கரையில் ஏற்றி வைத்திருந்த இரண்டு வள்ளங்களுக்கு நடுவே நுழைந்து, காயப்போட்டிருந்த வலைக் குவியலில் மோதியது. முன் சக்கரங்கள் மணலில் புதைந்தன. நின்றது. அதற்கு அப்பால் ஈர மணலும் கடலும்தான்.

கதவைத் திறந்தேன். அவள் சீட்டின் மேல் நின்றுகொண்டிருந்தாள். அடி எதுவும் இல்லை.

"யாரும்மா ஓட்டினா?" என்று கேட்டாள்.

வலைக்காரர் வந்தார். வலையைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். "புள்ளைக்கி ஒண்ணுமில்லல்லா? அப்ப சரி. வலையத் தச்சிக்கிடலாம்" என்றார். நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

டிரைவர் தம்பியைக் காருக்குள் பார்க்கச் சொன்னார். "லோவுலதான் போட்டிருக்கேன் மொதலாளி. நீங்களே பாருங்க."

கைப்பிடி அங்கேதான் இருந்தது. தம்பி குனிந்து அதைப் பார்த்தான். பிறகு சொன்னான்: "எஞ்சின நிறுத்தினா ரிவர்சுல போடணும்னு அந்தத் துரை சொன்னாரு. அதுலதான் சக்கரம் பூட்டிக்கிடுமாம். மத்ததுல பிடிக்காதாம். மறந்துட்டேன்."

"பின்னால போற கியர்ல போட்டு நிறுத்தவா? எந்த ஊருப் பழக்கம் அது?"

"அமெரிக்காவுல."

"அங்கன ஹேண்ட் பிரேக்கு துருப்பிடிக்காது போல."

வள்ளத்துக் கயிறு கட்டி ஊரே சேர்ந்து காரை இழுத்தது. எஞ்சின் உடனே கிளம்பியது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அந்நேரத்துக்கு மணப்பாட்டில் வேறு வண்டி கிடையாது. அதிலேயே ஏறினேன்.

முன் சீட்டில் இருவரும் கியர் வண்டி மேலா, இது மேலா என்று வழி நெடுகப் பேசிக்கொண்டு வந்தார்கள். கியர் வண்டி நாம் சொன்னதைத்தான் செய்யும் என்றார் டிரைவர். நாம் சொல்வது சரியாக இருக்க வேண்டுமே என்றான் தம்பி. நான் மகளின் மணிக்கட்டைப் பிடித்திருந்தேன். திருச்செந்தூர் தாண்டியதும், "கை வலிக்கும்மா, விடு" என்றாள். சரி என்றேன். ஆறுமுகநேரி வந்தும் விடவில்லை.

இப்போது அவள் பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கிறாள். லீவுக்கு வரும்போது கார் ஓட்டப் பழகவேண்டும் என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறாள். தம்பியிடம் இன்றைக்கு கிளட்ச் உள்ளது, இல்லாதது என்று இரண்டு வகைக் காரும் இருக்கின்றன. எதில் பழகப் போகிறாய் என்று மட்டும் கேட்டேன். எதுவானாலும் ஒன்றுதானே என்றாள்.

எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை.