எட்டுச் செலவுச் சாமான்

பவளராணி அக்கா எங்கள் கடைக்கு வந்தால் வாய் முன்னுக்கு வரும், ஆள் பின்னுக்கு வருவார். "என்னடி யசோ, போன கிழமை தந்த முருங்கைக்காய் விறகுக்கும் உதவாதடி" என்று வாசலிலேயே தொடங்கிவிடுவார். இத்தாலியில், பலெர்மோவில், பல்லரோச் சந்தைக்குப் பின்னால் சந்துக்குள் கிடக்கிற கடை எங்களுடையது. அங்கே நிற்கிற வங்காளிப் பெடியங்களுக்கு ஒரு சொல்லும் விளங்காது. என்றாலும் சிரிப்பார்கள். எனக்குப் பத்திக்கொண்டு வரும். ஆனாலும் வியாழக்கிழமை பின்னேரம் அவர் வராவிட்டால் கடை கடையாக இராது.

வியாழனும் ஞாயிறும்தான் அவருக்கு ஓய்வு. மற்ற நாளெல்லாம் கார்மேலா என்கிற கிழவியின் வீட்டில் தங்கி, கிழவியைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, மக்ரோனி அவித்து வாயில் தீத்துகிற வேலை. அந்த வீட்டில் கறி மணக்கக்கூடாது. அதனால் இவரும் மக்ரோனிதான். எங்கள் கடையில் வாங்குகிற சாமான் ஒன்றும் அவருடைய வாய்க்குள் போவதில்லை. ஊர்ச்சனத்தின் பிறந்தநாள், சாமத்தியவீடு, செத்தவீடு எதுவென்றாலும் அடுப்படியில் அவர்தான் நிற்பார். யார் வீட்டுக்காரர் பழப்புளி கூடினால் மூக்கைச் சுளிப்பார், எந்தப் பிள்ளைக்குக் கத்தரிக்காய் தின்றால் உடம்பு கடிக்கும், எல்லாம் அவருக்குப் பாடம். நான் மறந்தாலும் அவர் மறக்கமாட்டார்.

அக்கா, கணவர் செல் விழுந்து செத்தபிறகு, ஐந்து வயது மகன் சாரங்கனைத் தங்கை விமலாவிடம் விட்டுவிட்டு இங்கே வந்தவர். இரண்டு வருடத்தில் கூப்பிடலாம் என்றுதான் நினைத்தார். அந்தப் பேப்பர், இந்தப் பேப்பர் என்று இழுத்தடித்தார்கள். இந்த ஊர்க்காரர் கும்பிடுகிற ரொசாலியாத் தாயின் மலைக்கு வெறுங்காலோடு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை ஏறினார். கடைசியில் எல்லாம் சரிவந்தபோது பெடியன் வளர்ந்துவிட்டான், வளர்ந்த பிள்ளையைக் கூப்பிடச் சட்டத்தில் இடமில்லை என்றார்கள். இவர் போய்ப் பார்க்கலாமென்றால் கையிலிருந்தது அகதிப் பயணப் புத்தகம். இலங்கையைத் தவிர மற்ற நாடுகளுக்குப் போகலாம் என்று அதில் அச்சடித்திருக்கிறது. ஒருநாள் அதை எனக்குக் காட்டி, "பார், சந்திரமண்டலத்துக்கும் போகலாமாம்" என்று சிரித்தார்.

ஆவணி மாதம், பலெர்மோச் சனமெல்லாம் கடலுக்குக் குளிக்கப் போய்த் தெரு வெறிச்சோடிக் கிடந்த நாளில், சாரங்கன் ஊரில், கோப்பாயில், மோட்டார்சைக்கிளோடு பஸ்சுக்குள் போனான். செத்தவீட்டை அவர் கிழவியின் குசினிக்குள் நின்று போனில்தான் பார்த்தார். இடையில் கிழவி கூப்பிட்டது, போய் அதுக்குக் கால் கழுவிவிட்டு வந்து பார்த்தாராம். வந்தபோது பெட்டியை மூடிவிட்டார்கள்.

பிறகு ஒருநாள் வந்தார். வியாழக்கிழமையில்லை. வாயும் வரவில்லை, ஆள் மட்டும் வந்தார்.

"எட்டுச் செலவுக்குச் சாமான் வேணும், யசோ. கிழவியின்ரை மகள் வந்து நிக்கிறாள், பின்னேரம் மட்டும் விட்டிருக்கிறாள். உன்ரை குசினியிலை சமைக்கட்டே?"

"இதென்ன கேள்வி அக்கா? முதல்லை உள்ளுக்கை வாங்கோ, இருங்கோ."

இருக்கவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு நடந்தார். எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவுக்கு, செத்தவர் ஆசையாய்ச் சாப்பிட்டதையெல்லாம் சமைத்துப் படைக்கவேணும். எத்தனையோ பேருக்கு அவர் கைதான் அதைச் சமைத்தது. சொதிக்குத் தேங்காய்ப்பாலை எடுத்தார், திருப்பி வைத்தார். ஒடியல் மாவை எடுத்தார், வைத்தார். ஆட்டிறைச்சிக்குக் கராம்பும் ஏலக்காயும் எடுத்துவிட்டு அப்படியே நின்றார். கூடை வெறுமையாகவே இருந்தது.

"என்ன அக்கா தேடுறியள்? சொல்லுங்கோ, நான் எடுத்துத் தாறன்."

"அவனுக்கு என்ன பிடிக்குமெண்டு எனக்குத் தெரியாதடி."

நான் ஏதோ சொல்ல வாய் திறந்தேன். அவர் விடவில்லை.

"ஒவ்வொரு நாளும் போன் எடுத்து, சாப்பிட்டியா எண்டுதான் கேப்பன். ஓம் அம்மா எண்டுவான். என்ன சாப்பிட்டனீ எண்டு ஒருநாள் கேட்டிருப்பனே? ஒருநாள்? ரெலிபோன் காட் முடிஞ்சிடும் எண்ட அவதி. சாப்பிட்டிட்டான், அது காணும் எண்டு வைச்சிடுவன்."

எனக்கு அழுகை வந்தது. மேசைக்குக் கீழே குனிந்து பை தேடுவதுபோல நின்றேன். நாங்கள் எல்லோரும் அப்படித்தானே கேட்கிறோம்? என் அம்மாவிடம் நானும் அதையேதான் கேட்கிறேன். யாரை நோவது?

என் கணவர் பின்னாலிருந்து, "இளம் பெடியன்தானே அக்கா, ஒரு பியரையும் வையுங்கோ" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். "அவன் குடிக்கிறவனோ?" என்று அக்கா அவரைப் பார்த்துக் கேட்டார். என் கணவருக்கு எப்படித் தெரியும்? அவர் உள்ளே போய்விட்டார்.

"விமலாக்காவுக்குப் போன் எடுத்துக் கேளுங்கோவன்" என்றேன் நான்.

எடுத்தார். பின்னால் சட்டி பானைச் சத்தம் கேட்டது. அங்கேயும் அன்றைக்குத்தான் எட்டுச் செலவு.

"விமலா, அவனுக்கு என்னடி பிடிக்கும்?"

"ஆருக்கு?"

"சாரங்கனுக்கு."



"கணவாய்க் கறி எண்டா காணும் அக்கா, வேறை ஒண்டும் கேக்கமாட்டான். ஆனா நாங்கள் இஞ்சை எல்லாம் செய்யிறம். நீ உங்கை நிண்டு மினக்கெடாதை. சனம் வந்திட்டுது, வைக்கிறன்."

மினக்கெடாதே என்றதை அக்கா காதில் விழுத்தவில்லை. "கணவாய்!" என்றார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. குளிர்ப்பெட்டியைத் திறந்து, அடியில் கிடந்த கணவாய்ப் பொதிகளைக் கிளறி, "இது பழசு, இதை ஆருக்கடி விக்கப்போறாய்" என்று என்னை ஏசினார். அந்த ஏச்சைக் கேட்க எனக்குச் சந்தோசமாக இருந்தது. வெந்தயம், பெருஞ்சீரகம், கறிவேப்பிலை, சின்ன வெங்காயம், தேசிக்காய் எல்லாம் மளமளவென்று கூடைக்குள் விழுந்தன.

நானும் பழக்கத்தில், யாருக்கும் கேட்கிறதைப்போல, "கறித்தூள் எதக்கா? உறைப்போ, உறைப்புக் குறைஞ்சதோ?" என்று கேட்டுவிட்டேன்.

அவருடைய கை அப்படியே நின்றது. போனை எடுத்தார். அடித்தது, அடித்தது, ஒருவரும் எடுக்கவில்லை. திரும்ப அடித்தார். படையலுக்கு இருந்திருப்பார்கள். படைக்கிற கறியை முதலில் ருசி பார்க்கவும் கூடாது. கூடக்குறையப் போட்டுச் சரிபார்க்கலாம் என்றுகூட நான் சொல்ல முடியாது.

இரண்டு பைக்கற்றையும் மேசையில் வைத்தேன். கனநேரம் பார்த்தார்.

"குறைஞ்சதைத் தா. அவனுக்கு உறைப்பு ஏலாது" என்றார். "நான் கறித்துண்டைத் தண்ணியிலை கழுவித்தான் தீத்திறனான்."

அவருடைய போன் முகப்புப் படத்தில் சாரங்கன் தாடியோடு நின்றான், என் கணவரைவிட உயரம். நான் உறைப்புக் குறைந்த தூளை எடுத்துப் பைக்குள் போட்டேன்.