இரவல் கட்டில்

எல்லோருக்கும் அவள் ‘பை அக்கா’. தோளில் தொங்கும் பையில் பேன்சீப்பு, வண்ணப் பென்சில், ஊக்கு, பிஸ்கட், இரண்டு கைக்குட்டை. ஒன்று அழுகிற அம்மாக்களுக்கு, மற்றொன்று அவளுக்கே. பத்தொன்பது வருடமாகக் குழந்தைகள் நல அலுவலகத்தில் சமூகப் பணியாளர். ஒரு வீட்டில் ஒருமுறை உட்கார்ந்தால் போதும், அங்குள்ள சாமான் ஒவ்வொன்றும் அவளுக்கு உறவுக்காரர் மாதிரி.

அன்று சலவைக்கூடத்தில் வேலை செய்யும் தாய் ஒருத்தியின் வீட்டுக்குக் கடைசி வருகை. ஐந்து மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தவள். அவளுடைய இரட்டைப் பெண் குழந்தைகள் காப்பகத்தில் இருந்தார்கள். ‘வீடு தயார்’ என்று பை அக்கா எழுதினால் மாலையே வந்துவிடுவார்கள். எழுதாவிட்டால் இன்னும் மூன்று மாதம்.

போன வாரம் ஒரு பாய் மட்டும் கிடந்த அறையில் இன்று அகலக் கட்டில், மேசை, திரைச்சீலை, கடிகாரம்! பை அக்கா நாற்காலியில் அமர்ந்தாள். அது இடப்பக்கம் சாய்ந்தது. தெரிந்த சாய்வு. செவ்வாய்க்கிழமை இதே கட்டடத்து மூன்றாம் வீட்டில் இதே நாற்காலிதான் அவளைக் கவிழ்க்கப் பார்த்தது. பத்து நிமிடம் முந்தி ஓடும் கடிகாரம் மாடி டீச்சருடையது. பொங்கி வந்த சிரிப்பை இருமலாக்கி விழுங்கினாள்.

அதற்குள் பக்கத்து வீட்டு ரொட்டிக்கடைக்காரர் மூன்றாம் தடவையாக எட்டிப் பார்த்தார். “கட்டில் காலுக்கு அட்டை வச்சியாம்மா? இல்லன்னா ஆடுமே.”

தாயின் முகம் வெளுத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“இங்க எதுவுமே என்னோடது இல்லக்கா. என்னோடது ரெண்டே ரெண்டுதான். அது ரெண்டும் காப்பகத்துல இருக்கு.”

பை அக்கா தன் கைக்குட்டையைத்தான் முதலில் எடுத்தாள். மூக்கைச் சிந்திவிட்டுப் படிவத்தைப் புரட்டினாள். ‘அவசரத்துக்குக் கைகொடுப்பவர் யார்?’ என்றொரு கேள்வி. பல வீடுகளில் அந்த இடம் வெறுமையாகவே இருக்கும்.

“கட்டில் எப்பங்க திரும்ப வேணும்?” என்று ரொட்டிக்கடைக்காரரிடம் கேட்டாள்.

“எனக்கெதுக்கு? தரையில படுத்தாதான் முதுகு சரியாகும்னு டாக்டரே சொல்லிட்டாரு.”

“எந்த டாக்டரு?” என்று அவர் மனைவி பின்னாலிருந்து கேட்டாள். கேட்ட கையோடு, “சரி, இருக்கட்டும், பொண்ணுங்க படுக்கட்டும்” என்றாள்.

நடையில் நாற்காலிக்காரர், திரைச்சீலைக்காரி, டீச்சர் என்று ஒரு வரிசையே நின்றது. எல்லாம் இரவல் என்று ஒளிக்காமல் எழுதி, அந்தக் கேள்விக்கு நேரே ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கினாள். இடம் போதாமல் தாளைத் திருப்பினாள். முடிவில் ‘வீடு தயார்’ என்று எழுதியபோது பேனா துள்ளியது.

மாலையில் பெண்கள் இருவரும் அம்மாவையும் இழுத்துக்கொண்டு கட்டிலில் ஏறிக் குதித்தார்கள். அட்டை தெறித்து ஓடியது. பை அக்கா மண்டியிட்டு அதைத் தேடிக்கொண்டிருக்கையில், அந்த வீட்டில் பத்து நிமிடம் முன்னதாகவே ஆறு மணி அடித்தது. யாரும் திருத்தவில்லை.